சோதனையில்லாத சைக்கிள்

மார்ச் 4, செவ்வாய்

சைக்கிள் சீட் இன்றும் இறங்கியிருந்தது. ஒரு விரல் அளவு. பார்த்தால் தெரியாது, ஆனால் மேம்பாலம் ஏறும்போது முழங்கால் சொல்லிவிடும். பதினாறு வருடமாக ஒரே சைக்கிள், ஒரே பாதை, ஒன்பது கிலோமீட்டர். காலுக்குத் தெரியாதா?

போன மாதம்தான் சைக்கிள் கடைக்காரர் சீட்டுக் கம்பிக்குப் புது போல்ட் போட்டார். புதுசு என்று சொல்லிப் பழசையே எண்ணெய் தடவி மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். மனிதர் பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. சக்கரத்தைப் பார்த்தே பேசுகிறார்.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். அவர் குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"போல்ட்ல கோளாறு இல்ல சார். யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. இந்தா பாருங்க, ஸ்பேனர் பட்ட தடம். நான் இப்படி முனைய மழுக்க மாட்டேன்."

தன் தப்பை அடுத்தவன் தலையில் கட்டுவது எல்லாத் தொழிலிலும் உண்டு. "சரி, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் அதே யோசனை. தடம் இருந்தது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன். சீட்டைக் கழற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

மார்ச் 6, வியாழன்

கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நாற்பது சைக்கிள் நிற்கிறது. பூட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளேதான் இருக்கிறது, வாட்ச்மேன் வேறு இருக்கிறார் என்ற நம்பிக்கை. மதிய இடைவேளையில் எவனோ என் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே டீ குடிக்கப் போகிறான். ஆள் குள்ளம். சீட்டை இறக்கிக்கொள்கிறான். திரும்பி வந்து ஏற்றும்போது அளவு தப்புகிறது. பேக்கிங் பிரிவில் குள்ளமாக மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவன் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏன் சிரிக்க வேண்டும்?

சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம். குளிர்ப்பெட்டிக்குப் போகும் செம்புக் குழாய்ச் சுருள்களில் காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்குவேன். குமிழி வந்தால் ஓட்டை. ஒரு நாளைக்கு முந்நூறு சுருள். 'எல்லாம் சரியாத்தான் இருக்கும்' என்று நினைக்கிற ஆளுக்கு அந்தத் தொட்டிப் பக்கம் வேலையே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மனைவியின் நகப் பூச்சு பாட்டிலை எடுத்து, சீட்டுக் கம்பியிலிருந்து கீழே குழாய் வரைக்கும் ஒரே கோடாகச் சிவப்பில் இழுத்தேன். கம்பி நகர்ந்தால் கோடு உடையும்.

"அது என்னங்க, சைக்கிளுக்கு அலங்காரம்?" என்றாள்.

"ஒரு வேல இருக்கு."

"மிச்சம் வைங்க. போன வாரம்தான் வாங்கினேன்."

மார்ச் 10, திங்கள்

கோடு உடைந்துவிட்டது! மாலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் பார்த்தேன். கம்பியில் இருந்த கோடு ஒரு அரிசி அளவு இடப்பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் பைத்தியம் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

விஷயம் இன்னும் சிக்கலாகிறது. காலையில் கிளம்பும்போது பார்த்தால் கோடு வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. நேற்று மாலை இடப்பக்கம், இன்று காலை வலப்பக்கம். அப்படியென்றால் வீட்டிலும் யாரோ கை வைக்கிறார்கள். சைக்கிள் நிற்பது மாடிப்படிக்குக் கீழே. அந்த வழியாகப் போகிற வேறு ஆள் மாடி வீட்டுக்காரர் ஒருவர்தான்.

மேலே போய்க் கேட்டேவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மனிதர் துண்டோடு வாசலில் நின்று முழித்தார்.

"எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதுங்க. பத்து வயசுல ஒருதடவ விழுந்தேன், அதோட சரி. இப்பவும் பஸ்லதான் போறேன்."

பின்னால் அவர் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. இறங்கி வரும்போது படி எனக்குப் பத்து மாடி போல இருந்தது. கீழே என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நாளைக்கு நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மச்சினன்தான் என்னைச் சமாதானப்படுத்தினான். மனைவியின் தம்பி. இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறான். எங்கள் தொழிற்சாலையில் குழாய் வளைக்கும் பிரிவில் நான்தான் சேர்த்துவிட்டேன். இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகளில் இவ்வளவு பொறுமையை நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஏழு மணி ஷிப்ட், மூன்றரைக்கே முடிந்துவிடும். எனக்கு முன்னால் வீடு வந்து, நான் வந்ததும் என் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு நிறுத்துவான். நான் கேட்டதே இல்லை.

"வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தான். என்னமோ போல்ட் தேஞ்சிருக்கும். அதிர்ச்சில தானா திரும்பும்" என்றான்.

அவனிடம் சிவப்புக் கோட்டைக் காட்டினேன். வேறு யாரிடமும் காட்டவில்லை. உன்னிப்பாகப் பார்த்தான். "பயங்கர மூளை அத்தான் உங்களுக்கு" என்றான். சும்மா சொல்லக்கூடாது, மனதுக்கு இதமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

கோடு நேராக இருக்கிறது. காலையிலும் மாலையிலும்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் நேர்தான். நான் உஷாராகிவிட்டேன் என்று திருடனுக்குத் தெரிந்துவிட்டது. பேக்கிங் குள்ளன் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சரியாகத்தான் கணித்திருக்கிறேன்.

எதிர்காற்று. மேம்பாலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவர் என்னைத் தாண்டிப் போனார்கள். தாண்டிவிட்டு ஒருத்தி திரும்பிப் பார்த்து, "தாத்தா, கியர் போடுங்க!" என்றாள். எனக்கு நாற்பத்தொன்பதுதான்.

மார்ச் 17, திங்கள்

மேனேஜர் கூப்பிட்டார். வெள்ளிக் கம்பி குறைகிறதாம். செம்புக் குழாயைப் பற்றவைக்கும் கம்பியில் வெள்ளி கலந்திருக்கும். முழங்கை நீளம், வெளியே நல்ல விலை போகும். ஒரு மாதமாகவே குறைகிறது. கதவில் தினமும் எல்லோர் பையையும், சாப்பாட்டுப் பாத்திரத்தையும், சைக்கிள் பெட்டியையும் சோதிக்கிறார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

அந்தக் கதவுச் சோதனையைக் கொண்டுவரச் சொன்னவனே நான்தான். போன வருடம் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் வேண்டாம், நேரம் வீணாகும் என்றும் நானே சொன்னேன். அதனால் நாங்கள் ஐந்து பேர் வரிசையில் நிற்பதில்லை. வாட்ச்மேன் எனக்குக் கையைத் தூக்குவார், நான் மணியடித்துவிட்டு நிற்காமல் போய்விடுவேன். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார் மேனேஜர்.

எனக்கா இல்லாமல் போகும்? கம்பி பெரும்பாலும் போவது வெல்டிங் அக்கா மேசைக்கு. ஒன்பது வருடமாக என் தொட்டிக்கு வருகிற சுருளில் பாதி அவர் பற்றவைத்ததுதான். அதிகம் பேசமாட்டார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு ஒரு ஆளுக்குப் பெரியது. அதைச் சொன்னேன். அழுத்தமான ஆள் என்றும் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்சு அவங்கதான் சார்" என்று முடித்தேன்.

சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை. என் வேலையைச் செய்தேன்.

மார்ச் 19, புதன்

வெல்டிங் அக்காவை விசாரணை வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தூக்கை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். அடியில் கொஞ்சம் சோறும் ஒரு கரண்டியும்தான். அதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

போகும்போது என் தொட்டிப் பக்கம் வந்தார். கையுறையைக் கழற்றி மடித்து வைத்தபடியே கேட்டார்.

"என் மேசையில இருந்து வந்ததுல எத்தனைய நீங்க திருப்பி அனுப்பியிருக்கீங்க சார்?"

"அது வேற, இது வேற."

"குமிழி வராம ஓட்டைன்னு ஒருநாளும் நீங்க சொன்னதில்ல. அதான் கேட்டேன்."

அவர் மகள் நர்ஸிங் கடைசி வருடம். வீட்டில் சம்பாதிப்பது இவர் ஒருவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால்? கஷ்டப்படுகிறவர்கள் எடுக்கமாட்டார்களா? கஷ்டம் இருப்பதால்தானே எடுப்பார்கள்.

மார்ச் 21, வெள்ளி

அவர் மேசையில் புது ஆள். இன்று பதினொரு சுருள் ஓட்டை.

மார்ச் 24, திங்கள்

கம்பி மறுபடியும் குறைந்திருக்கிறது. அக்கா இல்லாமலே! மேனேஜர் என்னைப் பார்த்தார். "அப்போ கூட்டாளி இருக்காங்க சார், உள்ள" என்றேன். வாயில் தானாக வந்தது. அவரும் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும் வழியில் சிக்னலில் நிற்கும்போது, 'அப்படி இல்லையென்றால்?' என்று ஒரு நினைப்பு வந்தது. பச்சை விழுந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தள்ளினான். மிதித்தேன்.

மார்ச் 26, புதன்

பெடலில் சத்தம். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'கடக்'. வலது கால் கீழே போகும்போதெல்லாம். மாலையில் மேம்பாலம் ஏறும்போது பெடல் ஒரு நொடி சிக்கி, பிறகு விடுபட்டது. பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது.

மச்சினன் சொன்னான், "ஞாயித்துக்கெழம நானே பிரிச்சுப் பாக்கறேன் அத்தான். கடைக்காரன் காசு புடுங்குவான். அதுவரைக்கும் பஸ்ல போங்க." பஸ்ஸில் போக எனக்கு என்ன தலையெழுத்து?

மார்ச் 27, வியாழன்

கோணலாக எழுதுகிறேன். பரவாயில்லை.

காலையில் பாதி வழியில் பெடல் இறுகிவிட்டது. தள்ளிக்கொண்டே கடைக்குப் போனேன். கடைக்காரர் பெடல் அச்சைப் பிரித்தார். கிரீஸோடு ஒரு துண்டு உருண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. சுண்டுவிரல் நீளம். துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது சைக்கிள் சாமான் இல்லையே சார். மேல சீட்டுக் குழாய் வழியா வந்திருக்கு."

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தினமும் பார்க்கிற நிறம். வெள்ளிக் கம்பி.

அவர் சீட்டைக் கழற்றினார். சீட்டுக் கம்பியின் அடிமுனையில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் நுனியில் கிழிந்த காலுறை ஒன்று, காலியாக. சாம்பல் நிறத்தில் ஓரத்தில் இரண்டு நீலக் கோடு. வீட்டில் கொடியில் காய்வதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். மச்சினனுடையது.

கடைக்காரர் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக் காலுறைக்குள் போட்டு, மூன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து போகும்போது என் சீட்டுக்குள் தொங்கவிடுகிறான். அவனைக் கதவில் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்கிறார்கள். அவன் கையை வீசிக்கொண்டு வெளியே வருகிறான். ஐந்து மணிக்கு நான் மணியடித்துக்கொண்டு நிற்காமல் போகிறேன். வாட்ச்மேன் கை தூக்குகிறார். வீட்டுக்குப் போனதும் துடைக்கிற சாக்கில் எடுத்துக்கொள்கிறான். மேம்பாலத்தில் மூச்சு வாங்க நான் மிதித்துக் கொண்டுவந்தது இதைத்தான்.

கோட்டை அவனிடம் காட்டின மறுநாளிலிருந்து கோடு நேராக இருந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லையே! ஊரில் இருக்கிறவனையெல்லாம் சந்தேகப்பட்டேன். சைக்கிள் ஓட்டத் தெரியாதவரைப் போய்ச் சண்டைக்கு இழுத்தேன். துடைத்துக் கொடுத்தவனை மட்டும் விட்டுவிட்டேன். மடியில் கனத்தோடு, பயமே இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான்.

தொழிற்சாலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போன் செய்தேன். பொய்யும் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

நேற்று மாலை அவன் வந்ததும் அந்தத் துண்டை மேசைமேல் வைத்தேன். 'இது என்ன அத்தான்' என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால்கூட நம்பியிருப்பேன் போலிருக்கிறது.

"எங்க விழுந்துச்சு?" என்றான்.

அவ்வளவுதான்.

பிறகு நிறையப் பேசினான். "நான் குடிச்சேனா, சீட்டாடினேனா? சொந்தமா ஒரு பட்டறை வைக்கணும்னு நெனச்சேன். ஆயுசு பூரா 'இவரு சேத்துவிட்ட பையன்'னே இருக்கச் சொல்றீங்களா?"

"என் சைக்கிள்தான் கெடச்சுதா?"

"உங்களத்தான் யாரும் சோதிக்க மாட்டாங்க."

சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அதையும் எழுதவேண்டும். ஆனால் அடுத்ததையும் சொன்னான். "போய்ச் சொல்லுங்க. உங்க வண்டியிலதான் போச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும். யாரு நம்புவா?"

மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

இரண்டு நாளாக அவள் அழுகிறாள். "அவன நான் இடுப்புல தூக்கி வளத்தவங்க. கம்பிய திரும்பக் கொடுத்துரச் சொல்றேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. அந்தம்மா கைத்தொழில் தெரிஞ்சவங்க, வேற எடம் கெடைக்கும். இவனுக்கு யாரு இருக்கா?"

எனக்கு வேறு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்ததும் வராததுமாக, 'கை கழுவிட்டு உள்ள வாங்க, டீ ஆறிடும்' என்று தினமும் என்னை உள்ளே இழுத்தது யார்? அவன் துடைக்கிற நேரத்தில்? நகப் பூச்சுக் கோட்டை அவளும்தான் பார்த்தாள்.

இருபத்து மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவளைப் பற்றி எழுதுகிறேனா இதை? எழுதிவிட்டேன். எழுதியதை அடித்து அழிக்க மனமில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

வேலைக்குப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் வாட்ச்மேன் கை தூக்கினார். வியாழக்கிழமை அக்காவுக்கு விசாரணை. மேனேஜர் சொன்னார், "நீங்க வந்து அன்னைக்குச் சொன்னத அப்படியே சொல்லிட்டாப் போதும். அவங்க சீட்டைக் கிழிச்சிரலாம்."

மச்சினன் இப்போது என் சைக்கிளைத் தொடுவதில்லை. வழியெல்லாம் சங்கிலி கிறீச்சிடுகிறது.

ஏப்ரல் 2, புதன்

சொன்னால் வீடு போச்சு. சொல்லாவிட்டால் அக்கா போச்சு. ஒன்பது கிலோமீட்டரும் இதையேதான் மிதித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் கிளம்பும்போது மனைவி சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே விட்டாள்.

மேனேஜர் அறை. ஒரு பக்கம் அக்கா, இஸ்திரி போட்ட சேலையில். மூலையில் எழுதிக்கொள்ள ஆபீஸ் பெண். என்னைக் கேட்டதும் அந்தத் துண்டையும் காலுறையையும் மேசைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சினன் என்றும் சொன்னேன். நடுவில் தண்ணீர் கேட்டேன்.

மேனேஜர் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசமா உங்க சீட்டுக்கு அடியில இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது சார்."

"தண்ணிக்குள்ள கடுகு மாதிரி குமிழிய பிடிக்கிறவர் நீங்க."

"தெரியாது சார்."

"சோதனை வேணும்னு சொன்னதும் நீங்க. உங்களுக்கு வேணாம்னு சொன்னதும் நீங்க."

அவர் இடத்தில் நான் இருந்தால் இந்த ஆளை விட்டிருக்கமாட்டேன். நிச்சயமாக விட்டிருக்கமாட்டேன்.

அப்போது அவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஒன்பது வருஷமா இவர்கூட வேலை பார்த்திருக்கீங்க. இவருக்கும் இதுல பங்கு இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கெஞ்சல். 'இல்லை' என்று ஒரு வார்த்தை. அவர் சொன்னால் எடுபடும்.

"எனக்குத் தெரியாது சார்" என்றார். "தெரியாததப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பழிவாங்குகிற மாதிரியும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே அறையில் இதே நாற்காலியில் என்னைக் கேட்டபோது நான் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம் அது.

அவரைத் திங்கள்கிழமையிலிருந்து வரச்சொன்னார்கள். என்னை வரவேண்டாம் என்றார்கள், விசாரித்து முடிக்கும் வரை.

ஏப்ரல் 4, வெள்ளி

மச்சினன் நேற்றே துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் மிச்சக் கம்பி இருந்தது. கொண்டுபோய்க் கதவிலேயே ஒப்படைத்தேன். வாட்ச்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கை தூக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஏழு பத்துக்குக் கால் தானாகக் கிளம்பிவிடுகிறது. மேம்பாலத்தின் உச்சி வரைக்கும் போய், அங்கே நின்று, திரும்பி வருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள். வேலை இல்லாமல் ஏறும்போது ஏற்றம் இன்னும் செங்குத்தாக இருக்கிறது.

மனைவி சாப்பாடு வைக்கிறாள். பேசுவதில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாடி வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, அத நான் அன்னைக்கே மறந்துட்டேனே" என்றார். அவர் மனைவி டீ கொடுத்தார். கீழே வந்து சொன்னேன். என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"அவன் போன் பண்ணினான்."

"எங்க இருக்கான்?"

"அது எதுக்கு. ஒண்ணு சொன்னான். 'அத்தானுக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும், மாட்டிக்கிட்டதும் என்ன மட்டும் தள்ளிவிட்டாரு'ன்னான்."

"பொய் சொல்றான்!"

"எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு பேரும் என் வீட்டுலதான் சாப்பிட்டீங்க."

"நீ நம்புறியா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும்.

நான் மார்ச் முப்பதாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். எந்த வாயை வைத்துக்கொண்டு அவளைக் கோபித்துக்கொள்வது?

ஏப்ரல் 28, திங்கள்

திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர் வந்து, தான்தான் பிரித்ததாகவும் அதைப் பார்த்ததும் என் முகம் வெளுத்துப்போனதாகவும் மேனேஜரிடம் சொன்னாராம். நான் கேட்காமலே போயிருக்கிறார். போல்ட் விஷயத்தில் அவரைப் பற்றி நான் நினைத்தது அவருக்குத் தெரிந்தால் போயிருப்பாரா?

ஆனால் தொட்டி இல்லை. பேக்கிங். மேற்பார்வையும் இல்லை. அந்தக் குள்ளனுக்குப் பக்கத்து மேசை. நல்ல பையன். அட்டைப்பெட்டியை விரல் வெட்டாமல் மடிக்கச் சொல்லிக்கொடுத்தான். மற்றவர்கள் நான் போனதும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மாலையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர் தள்ளி வெல்டிங் அக்கா நின்றார். தூக்கைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். வாட்ச்மேன் என் பையைக் கவிழ்த்தார். சீட்டையும் கழற்றிப் பார்த்தார். இனி மேற்பார்வையாளர்களுக்கும் சோதனை உண்டாம். ஐந்து பேரில் மற்ற நால்வரும் என்னை முறைக்கிறார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு நிமிடம். வரிசை சைக்கிள் கொட்டகை வரைக்கும் நீள்கிறது.

மே 2, வெள்ளி

மழை. நனைந்துகொண்டே வந்தேன். சங்கிலிக்கு நானே எண்ணெய் விட்டேன். பழக்கமில்லாததால் சட்டையெல்லாம் கறை.

மே 6, செவ்வாய்

மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே நின்றாள். டீயோடு உள்ளே கூப்பிடவில்லை. நான் வண்டியை நிறுத்தும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் மேல எப்பவாவது சந்தேகப்பட்டீங்களா?" என்றாள். "இந்த விஷயத்துல."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ஒரு நாள்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. "எனக்கு உங்க மேல தெனமும் இருக்கு. அது போகணும்னுதான் பாக்கறேன். போக மாட்டேங்குது" என்றாள்.

தோளிலிருந்த பையைக் கழற்றி, அதன் வாயை அகல விரித்து அவள் முன்னால் நீட்டினேன். பாதி விளையாட்டாகத்தான் நீட்டினேன். சிரிப்பாள் என்றோ, 'சீ, என்ன இது' என்று கையைத் தட்டிவிடுவாள் என்றோ நினைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை நகர்த்தி, அடியில் கை விட்டுத் துழாவினாள். மழைச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்து, மடித்து உள்ளே வைத்தாள்.

"சரி, வாங்க" என்றாள்.